பேச முடியாத நாளுக்கு இப்போதே ஒரு கடிதம்: எழுதி வைப்பது எப்படி?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே மரண சகாய நிதிக்கு மாதாமாதம் பணம் கட்டிவரும் பெரியவர்கள் நிறைய பேர் உண்டு. பெட்டி, வேன், கருமாதிச் செலவு வரைக்கும் யோசித்து வைத்திருப்பார்கள். ஆனால் அதற்கு முந்தைய சில வாரங்களைப் பற்றி, அதாவது ஐசியுவில் வாயில் டியூபோடு படுத்திருக்கும்போது டாக்டர் யாரைக் கூப்பிட்டு என்ன கேட்பார், யார் பதில் சொல்வார் என்று கேட்டால், "அதெல்லாம் ஆண்டவன் விட்ட வழி" என்று பேச்சு முடிந்துவிடும். ஆண்டவன் வந்து டாக்டரிடம் பேசப்போவதில்லை. உங்கள் பிள்ளைகள்தான் பேசவேண்டி வரும், அதுவும் ஆளுக்கொரு பக்கமாக.

முதலில் சட்ட நிலைமையைத் தெரிந்துகொள்ளுங்கள். பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் கடிதத்துக்கு மலேசியாவில் தனிச் சட்டம் இல்லை. சிங்கப்பூரில் 1996-லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் 2018-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்து, 2023-ல் விதிமுறைகளை எளிதாக்கியது. தமிழில் தேடினால் பெரும்பாலும் அந்த இந்திய முறைதான் கிடைக்கும், அதற்கான பாரத்தை நிரப்பி இங்கே நீட்டினால் அது நம் ஊர்ப் பாரம் ஆகிவிடாது. இங்கே இருப்பது மலேசிய மருத்துவ மன்றம் டாக்டர்களுக்குக் கொடுத்திருக்கும் வழிகாட்டி. நோயாளி ஒரு சிகிச்சை வேண்டாம் என்று தெளிவாக எழுதிக்கொடுத்திருந்து, அவர் சொன்ன அதே நிலைமை இப்போது வந்திருந்தால், அந்தச் சிகிச்சையை டாக்டர் கொடுக்கக்கூடாது என்கிறது அது. கூடவே, கடிதம் எவ்வளவு பழையது, இந்த நிலைமையை மனதில் வைத்துத்தான் எழுதினாரா என்றும் பார்க்கச் சொல்கிறது, சந்தேகம் வந்தால் கணவன், மனைவி, நெருங்கிய சொந்தங்களைக் கேட்கச் சொல்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கடைசி இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. வீட்டார் முன்கூட்டியே கேட்டிராத கடிதம் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் அரைக் கடிதம்தான்.

"பவர் ஆஃப் அட்டர்னி (நமக்காகச் செயல்பட இன்னொருவருக்கு எழுதித் தரும் அதிகாரப் பத்திரம்) கொடுத்துவிட்டேன், அது போதும்" என்பார்கள் சிலர். போதாது. இங்கே சாதாரண பவர் ஆஃப் அட்டர்னி, கொடுத்தவருக்குச் சுயநினைவும் புத்தித் தெளிவும் போய்விட்டால் செல்லாது, சரியாக நமக்குத் தேவைப்படும் நேரத்தில் அது கைவிட்டுவிடும். சொத்து உயிலில் எழுதி வைப்பதும் வீண், உயிலைப் பிரிப்பதே ஆள் போன பிறகுதானே.

ஆகவே பேனாவை எடுப்பதற்கு முன் பேச வேண்டும். தீபாவளிக்கு எல்லாரும் வந்திருக்கும்போது, முதல் நாள் வேண்டாம், மறுநாள் மத்தியானம் சாப்பாடு முடிந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் தொடங்கலாம். நல்ல நாளில் இதைப் போய் பேசுவதா என்று ஒருவர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். நீங்கள் பிள்ளையாக இருந்து அப்பா அம்மாவிடம் கேட்பதாக இருந்தால் சாவு என்ற பேச்சையே எடுக்கவேண்டாம், தெரிந்த ஒருவரை வைத்துத் தொடங்குங்கள்: "அப்பா, பின்வீட்டு மாமா அத்தனை நாள் மெஷின்ல கிடந்தாரே, உங்களுக்கு அப்படி வந்தா நாங்க என்ன செய்யணும்னு நினைக்கிறீங்க?" பெரும்பாலான அப்பாக்கள் இதற்குப் பதில் வைத்திருப்பார்கள், யாரும் கேட்காததால் சொல்லாமல் இருந்திருப்பார்கள்.

அந்தப் பேச்சில் உங்கள் சார்பில் பேசப்போகும் ஆளையும் முடிவு செய்யுங்கள். மூத்த மகன் என்பதற்காக மூத்த மகனைப் போடாதீர்கள். அழுதுகொண்டே ஆனாலும் உங்கள் வார்த்தையை டாக்டரிடம் சொல்லக்கூடியவர், போனை எடுக்கக்கூடியவர், ஈப்போ ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் வந்து சேரக்கூடியவர் யாரோ அவர்தான் சரியான ஆள். மகளாக இருக்கலாம், மருமகளாகவும் இருக்கலாம். அப்புறம் முக்கியமாக, சிங்கப்பூரில் வேலை செய்யும் பிள்ளையை விட்டுவிடாதீர்கள். கூடவே இருந்து பார்த்தவர்கள் "அப்பா போதும்னு சொல்லிட்டாரு" என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது, இரவு பஸ்ஸில் வந்து இறங்குபவர் "எல்லாத்தையும் செய்யுங்க டாக்டர்" என்பார். அது பாசமும் குற்ற உணர்ச்சியும் கலந்து வரும் வார்த்தை, அவரைத் திட்டிப் பயனில்லை. வாட்சாப் வீடியோ காலிலாவது உங்கள் வாயால் அவர் கேட்டிருக்க வேண்டும்.

எதைப் பற்றி முடிவெடுப்பது? உங்கள் நோயிலிருந்து தொடங்குங்கள். அடுத்த முறை கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கும்போது, "என் நோய் முற்றினால் எப்படிப் போகும், அப்போது என்னென்ன செய்வீர்கள்" என்று நேராகக் கேளுங்கள். இனிப்புநீர் (நீரிழிவு) இருந்து சிறுநீரகம் கெட்டுக்கொண்டு வந்தால் டயாலிசிஸ் கேள்வி கட்டாயம் வரும். வழக்கமாக வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், போகவர ஆள் வேண்டும். இதயம் நின்றால் நெஞ்சை அமுக்குவது டிவியில் காட்டுவதுபோல் இருக்காது, விலா எலும்பு உடையலாம், பல நோயால் தளர்ந்துபோன வயதானவர்கள் அதில் பிழைத்து வீடு திரும்புவது குறைவு. மூச்சு விட உதவும் மெஷினான வென்டிலேட்டரின் டியூப் வாயில் இருக்கும்போது பேச முடியாது, பெரும்பாலும் மயக்க மருந்திலேயே வைத்திருப்பார்கள். மறதிநோய் முற்றிய நிலையில் மூக்கு டியூப் வழியாக உணவு கொடுப்பது ஆயுளைக் கூட்டும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. இதெல்லாம் வேண்டாம் என்றுதான் எழுதவேண்டும் என்று நான் சொல்லவில்லை. "சில நாள் வென்டிலேட்டரில் வைத்துப் பாருங்கள், தேறும் அறிகுறி இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்" என்றும் எழுதலாம், பலருக்கு அதுதான் மனசுக்கு ஒத்துவரும். ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள், அது சட்டவிரோதம், எந்த டாக்டரும் செய்யமாட்டார்.

மெஷின் வேண்டாம் என்பது வைத்தியமே வேண்டாம் என்பதல்ல, இதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். மார்ஃபின் என்றாலே ஆளை அனுப்பிவிடுவார்கள் என்று நம் ஆட்களுக்கு ஒரு பயம். சரியான அளவில் கொடுத்தால் அது வலியையும் மூச்சுத்திணறலையும் தணிக்கும், அவ்வளவுதான்.

வாசகம் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம், உங்கள் நோய்க்கும் விருப்பத்துக்கும் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்:

"இதை நான் தெளிந்த மனதோடு எழுதுகிறேன். எனக்கு இனிப்புநீரும் சிறுநீரகக் கோளாறும் உண்டு. நானாக முடிவு சொல்ல முடியாத நிலைக்கு வந்து, வீட்டாரை அடையாளம் கண்டு பேசும் அளவுக்கு இனித் தேறமாட்டேன் என்று டாக்டர்கள் கருதினால், நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்க வேண்டாம், வென்டிலேட்டர் வேண்டாம், டயாலிசிஸ் வேண்டாம். வலியும் மூச்சுத்திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முடிந்தால் வீட்டில் இருக்க விரும்புகிறேன். என் சார்பில் பேச என் இளைய மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன்."

பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், தேதி, மகளின் பெயரும் போன் எண்ணும் கட்டாயம். "ரொம்பக் கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. தமிழில் எழுதுங்கள், அது வீட்டாருக்கு. அதையே மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம் எழுதி வைக்கவும், ராத்திரி டூட்டியில் இருக்கும் டாக்டருக்குத் தமிழ் தெரிந்திருக்கும் என்பது நிச்சயமில்லை. சட்டம் இல்லாததால் இத்தனை சாட்சி என்ற கட்டாயமும் இல்லை, ஆனால் உங்கள் சொத்தில் பங்கில்லாத இரண்டு பேரைச் சாட்சியாக வையுங்கள், ஒருவர் உங்களைப் பார்க்கும் டாக்டராக இருந்தால் நீங்கள் தெளிவோடு இருந்தீர்களா என்ற கேள்வி எழாது. மறதிநோய் ஆரம்பம் என்று சொல்லிவிட்டார்களா? அப்படியானால் அடுத்த தீபாவளிக்குக் காத்திருக்க வேண்டாம், இந்த மாதமே முடியுங்கள்.

எழுதியதை வீட்டு கிராண்டோடு (உரிமைப் பத்திரத்தோடு) சேர்த்து அலமாரியில் பூட்டிவைப்பதுதான் நம் பழக்கம். இதை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு நகல் ஆஸ்பத்திரி ஃபைலில், ஒன்று கிளினிக் அப்பாயின்ட்மென்ட் புத்தகத்துக்குள், ஒன்று மகளிடம், ஒரு படம் எல்லாப் பிள்ளைகளின் போனிலும். வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் படித்து, மனம் மாறவில்லையென்றால் புதுத் தேதியோடு மறுபடி கையெழுத்துப் போடுங்கள், மாறியிருந்தால் பழையதைக் கிழித்துவிட்டு வேறு எழுதுங்கள். வாய் பேச முடிகிற வரைக்கும் நீங்கள் சொல்வதுதான் செல்லும், கடிதம் அல்ல. உறுப்பு தானம் தனி விஷயம், அதற்கு மைசெஜாத்ரா (MySejahtera) செயலியில் பதியலாம். ஆனாலும் கடைசியில் குடும்பத்தைத்தான் கேட்பார்கள்.

வீட்டில்தான் போகவேண்டும் என்று எழுதியிருந்தால் வீட்டாருக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. மூச்சுத் திணறலைப் பார்த்துப் பதறி ஆம்புலன்ஸுக்கு 999 அடித்தால், வருபவர்கள் உயிரைக் காப்பாற்றும் வேலையைத்தான் செய்வார்கள், அதுதான் அவர்கள் கடமை. ஆஸ்பத்திரியில் சும்மா கையெழுத்துப் போட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு வந்து, ராத்திரி வலிக்கு மருந்தில்லாமல் நிற்பது அதைவிட மோசம். ஆகவே ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன்பே, வலியையும் அவதியையும் தணிக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு (பேலியேட்டிவ் கேர்) பிரிவைப் பற்றிக் கேளுங்கள். ஈப்போவில் பேராக் பேலியேட்டிவ் கேர் சொசைட்டி இருக்கிறது, உங்கள் இடம் வரைக்கும் வருவார்களா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். நோயின் விவரம் எழுதிய டாக்டர் கடிதம் ஒன்றையும் கையோடு வாங்கி வையுங்கள்: வீட்டில் இறந்தால், இறப்பை உறுதிப்படுத்தி அடக்கம் செய்யும் பெர்மிட் வாங்கும்போது முதலில் கேட்பது என்ன நோய், யார் பார்த்தார்கள் என்பதைத்தான்.