ஓடாத பொம்மை ரயிலை உடைக்காமல் சரிசெய்வது எப்படி?

பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் திருவிழாக் கடையில் அப்புச்சி வாங்கிக் கொடுத்த ரயில், சித்திரை முடிவதற்குள் நின்றுவிட்டது. "சத்தம் மட்டும் வருதுங்கப்பா, நகரவே மாட்டேங்குது" என்று மகள் கொண்டுவந்து நீட்டினாள். பாதிக் கோளாறு அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. சத்தம் வந்தால் மோட்டார் நன்றாக இருக்கிறது, பல்சக்கரத்தைப் பாருங்கள். சத்தமே இல்லையென்றால் பேட்டரியிலிருந்து தொடங்குங்கள்.

சின்ன ஸ்டார் ஸ்குரூடிரைவர், பழைய டூத் பிரஷ், உப்புத்தாள், ட்வீசர், எலுமிச்சை மூடி ஒன்று. மல்டிமீட்டர் இருந்தால் நல்லது. கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள், உருண்டோடும் ஸ்குரூ கண்ணுக்குத் தெரியும். ஈரோட்டில் துண்டுக்கா பஞ்சம்!

படி 1: பேட்டரி

இந்த ரயில்களில் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ ஏஏ செல்தான். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். புது செல் 1.5 வோல்ட்டுக்குக் குறையாது. 1.2-க்கு இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். புதுசும் பழசும் கலந்து போடாதீர்கள். ரீசார்ஜ் செல்லுக்கு 1.2தான் இயல்பு, அதில் ரயில் கொஞ்சம் மெதுவாகப் போனால் அது கோளாறு இல்லை.

தகட்டிலும் ஸ்பிரிங்கிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் செல் கசிந்திருக்கிறது. ஆல்கலைன் செல்லின் கசிவு காரம், அதை எலுமிச்சைச் சாறு தொட்ட பிரஷ்ஷால் தேய்க்கலாம். விலை குறைந்த சாதாரண செல்லின் கசிவு அமிலம். அதற்கு எலுமிச்சை வேண்டாம், ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் நனைத்த துணி போதும். நன்றாகக் காயவிட்டு, தகடு பளிச்சென்று ஆகும்வரை உப்புத்தாளால் உரசுங்கள். வேலை முடியும்வரை கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.

படி 2: திறப்பது

குழந்தை உடைத்ததைவிட நாம் உடைப்பது இந்த இடத்தில்தான் அதிகம். எல்லா ஸ்குரூவையும் கழற்றிய பிறகும் மூடி வரவில்லையென்றால் நெம்பாதீர்கள். இன்னொரு ஸ்குரூ ஸ்டிக்கருக்கு அடியிலோ பேட்டரி அறைக்குள்ளோ ஒளிந்திருக்கும். விரலால் ஸ்டிக்கரைத் தடவினால் பள்ளம் தட்டுப்படும். கொக்கிகள் மட்டும்தான் பாக்கி என்றால் பழைய ஏடிஎம் கார்டை இடுக்கில் விட்டு மெல்ல நகர்த்துங்கள். திறந்தவுடன் போனில் ஒரு படம். எந்த வயர் எங்கே என்று பிறகு மூளையைக் கசக்க வேண்டியதில்லை.

படி 3: வயர், மோட்டார்

தலைமுடி போன்ற வயர், பற்றவைத்த இடத்தில்தான் அறும். அறுந்திருந்தால் மறுபடி பற்றவைக்க 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். மோட்டாரின் முனையில் இரண்டு, மூன்று நொடிக்கு மேல் வைத்தால் பின்பக்கப் பிளாஸ்டிக் இளகிவிடும். செல்லிலிருந்து இரண்டு வயர் எடுத்து மோட்டாரின் முனைகளில் நேராகத் தொட்டுப் பாருங்கள். சுற்றினால் கோளாறு சுவிட்சிலோ வயரிலோ. சுற்றாவிட்டால் மோட்டாரையே மாற்றுங்கள். கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டிப் பழகிய ஊர் என்பதற்காக இதற்கும் கட்டப் பார்க்க வேண்டாம்.

படி 4: பல்சக்கரம்

சத்தம் வந்தும் ஓடாத ரயிலின் கதை இங்கேதான். முதலில் அச்சைப் பாருங்கள். நீளத் தலைமுடி நூல்கண்டு போலச் சுற்றியிருக்கும். பிளேடு நுனியால் அறுத்து, ட்வீசரால் இழுத்துவிடுங்கள். பல வீடுகளில் இதோடு வேலை முடிந்துவிடும்.

எங்கள் ரயிலில் முடி இல்லை. மோட்டார் தண்டில் இருக்கும் குட்டிப் பல்சக்கரம் கீறல் விட்டிருந்தது. இறுக்கமாகத் திணித்த பிளாஸ்டிக் என்பதால் நாளடைவில் விரிந்து பிளந்துகொள்ளும். தண்டு சுற்றும், சக்கரம் சும்மா நிற்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து கிளம்பும் ஊட்டி ரயில், கல்லாறு தாண்டிக் குன்னூர் வரை தண்டவாள நடுவிலுள்ள பல்வரிசையைப் பற்றித்தான் ஏறுகிறது. அங்கே பற்சக்கரம் அச்சில் வழுக்கினால் என்ன ஆகுமோ, அதேதான் இங்கும்.

சூப்பர் குளூ விட்டு ஒட்டலாம் என்று தோன்றும். நானும் விட்டேன். அது தண்டு வழியே இறங்கி மோட்டாரையே பிடித்துக்கொண்டது, மோட்டாரையும் மாற்ற வேண்டியதாயிற்று. அதனால் புதுச் சக்கரம்தான் சரி. பற்களை எண்ணிக்கொள்ளுங்கள், தண்டின் தடிமனையும் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 2 மில்லிமீட்டர் இருக்கும். பழையதையும் எடுத்துக்கொண்டு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போங்கள். புதியது கையால் தள்ளினால் லேசில் ஏறக் கூடாது, இறுக்கமாக இருக்க வேண்டும்.

படி 5: மூடுவது

அச்சு முனைகளில் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், மார்கழிக் குளிரில் உறைந்துவிடும். ஸ்குரூவை முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். 'டக்' என்று இறங்கும் இடத்தில் நிறுத்தி, அப்புறம் வலப்பக்கம் முறுக்குங்கள். பழைய மரையிலேயே உட்காரும், துளை அரிக்காது.

மூடும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. எல்லாம் முறுக்கித் தரையில் விட்டால் ரயில் பின்பக்கமாகப் போகிறது! புது மோட்டாரில் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிப் பற்றவைத்திருந்தேன். மறுபடி ஐந்து ஸ்குரூவும் வெள்ளைத் துண்டுக்கு வந்தன.