சைட் பிளானுக்கு நிறம் போடும் மென்பொருள்: எதைப் பார்த்து ஏமாறக் கூடாது

போன வாரம், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த இருவர் திரையில் ஒரு நடைபாதையின் ஓரத்தை மிகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, புள்ளி புள்ளியாக அழித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்ததுமே புரிந்துவிட்டது: நிறம் போட்ட பிறகு பிளான் (இடத்தை நேர் மேலிருந்து காட்டும் வரைபடம்) மாறியிருக்கிறது. இதே வேலையை நானும் இரவெல்லாம் உட்கார்ந்து செய்திருக்கிறேன்.

டிரையல் போட்டுப் பார்ப்பது, கணினி தாங்குமா என்று பார்ப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மர லைப்ரரியைப் பார்த்து மயங்குவது

லைப்ரரியில் எத்தனை மரப் படங்கள் இருந்தாலும், ஒரு பிளானுக்கு ஐந்து வகை மரம் போதும்.

பிளான் மாறாது என்று நம்பித் தேர்ந்தெடுப்பது

நான் இரவெல்லாம் உட்கார்ந்தது ஒரு குடியிருப்புத் தோட்டத்துக்காக. ஏ1 தாள், 1:200 அளவை. கோட்டுப்படம் வரையும் ஆட்டோகேடிலிருந்து (சுருக்கமாகக் கேட்) ஜேபெக் படமாக எடுத்து, போட்டோஷாப்பில் திறந்து, அந்தப் படத்தின் மேலேயே நிறம் போட ஆரம்பித்தேன். ஏ1 என்பது 594 × 841 மி.மீ. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 7016 × 9933, கிட்டத்தட்ட 7 கோடிப் புள்ளிகள். லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள்) ஏற ஏற ஃபைல் கனத்தது. அதைக் குறைக்கப் புல், மரம், நிழல், கல் தளம் எல்லாவற்றையும் ஒரே லேயராகச் சேர்த்துவிட்டேன். மூன்று நாள் வேலை, பார்க்க அழகாகத்தான் இருந்தது.

நான்காம் நாள் காலை, பிளானில் நடைபாதை 1.5 மீட்டர் தள்ளிப்போனது. 1:200-இல் அது தாளில் 7.5 மி.மீ., படத்தில் ஏறக்குறைய 89 புள்ளி. அந்த 89 புள்ளிக்குள் புல்வெளியின் ஓரமும் ஆறு மரங்களின் நிழலும் கல் தளமும் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. பாதையை மட்டும் பிரித்தெடுக்க வழியே இல்லை. போதாக்குறைக்கு, புதிய கோட்டுப்படத்தை, விண்டோ (அச்சுக்குத் தேர்ந்தெடுக்கும் பகுதி) சற்றுத் தள்ளியிருக்கப் பிளாட் (கேடிலிருந்து வெளியீடு) எடுத்திருந்தேன். பழையதன் மேல் வைத்தால் மூலைகள் பொருந்தவில்லை. திரும்பவும் முதலிலிருந்து.

மூன்று நாள் போனதுகூடப் பரவாயில்லை. நிறம் போட்டாயிற்றே என்ற ஒரே காரணத்துக்காக அந்த மாற்றத்தை நான் எதிர்த்தேன். அதை நினைத்தால்தான் இன்றும் எரிச்சல் வருகிறது. பாதை தள்ளிப்போனதால்தான் அங்கே நின்ற பழைய மரத்தின் வேர் தப்பியது.

அதனால், எந்த மென்பொருளை எடுத்தாலும் முதலில் இதைச் சோதித்துவிடுங்கள். பழைய பிளான் ஒன்றின் மூலையை மட்டும் எடுத்து நிறம் போடுங்கள். அப்புறம் கேடில் ஒரு பாதையை நகர்த்துங்கள். நிறப்படம் அதற்கு ஈடுகொடுக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். அந்த இருவரையும் செய்யச் சொன்னேன். ஒருவர் பாதியிலேயே ஜேபெக்கை மூடிவிட்டார்.

இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற வெக்டர் மென்பொருளில் வடிவத்தின் விளிம்பை இழுத்தால் நிறமும் கூடவே வரும். போட்டோஷாப்தான் கைக்குப் பழக்கம் என்றால் அதுவும் சரி. கோட்டுப்படத்தைப் பிடிஎஃப்பாக எடுத்து, லிங்க் செய்த ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (மூல ஃபைலோடு இணைந்தே இருக்கும் படமாக) எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அதே பெயரில், அதே தாளில், அதே லேஅவுட்டிலிருந்து (கேடின் தாள் அமைப்பிலிருந்து) மறுபடி பிளாட் எடுத்தால் கோடுகளை எளிதாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். புல்லுக்கு ஒரு லேயர், கல்லுக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று. நிறத்தின் எல்லையை மாஸ்க்கில் (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று சொல்லும் மறைப்பில்) வைத்துக்கொண்டால், பாதை நகரும்போது மாஸ்க்கை மட்டும் திருத்தினால் போதும்.

3டி மென்பொருளே பிளானையும் தந்துவிடும் என்று நினைப்பது

லூமியன், ட்வின்மோஷன் போன்றவை தோட்டத்துக்குள் நடந்து பார்க்கும் காட்சிக்கு அருமையானவை. ஆனால் நேர் மேலிருந்து எடுத்தால் மரத்தின் தலைதான் தெரியும், அடியில் உள்ள பாதையும் இருக்கையும் மறைந்துபோகும். பிளானில் நாம் மரத்தைக் கண்ணாடி போல மெலிதாக்கிக் கீழே இருப்பதையும் காட்டுகிறோம். அந்த வசதியை இழக்காதீர்கள்.

நிறம் கசிகிறது என்று மென்பொருளை மாற்றுவது

கோட்டில் இடைவெளி இருந்தால் நிறம் கசியும். கேடில் பாலிலைனை (தொடர்கோட்டை) முனை சேர மூடுங்கள்.

திரையில் தெரியும் பச்சையை நம்புவது

திரையின் பளிச்சென்ற பச்சை, ஒளியால் வருவது. அச்சின் சிஎம்ஒய்கே (நான்கு நிற) மையில் அது கிடைக்காது, மங்கித்தான் விழும். வாங்கப்போகும் மென்பொருளில் அச்சு நிறத்தை முன்கூட்டியே காட்டும் வசதி இருக்கிறதா பாருங்கள். எதற்கும், ஆறேழு பச்சைகளைச் சிறு கட்டங்களாக ஒரே தாளில் பிரின்ட் எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் அதன் நிற எண்ணை எழுதி, மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். புல்வெளிக்கான நிறத்தை அந்தத் தாளைப் பார்த்தே எடுங்கள்.