பல் முகாமுக்குப் பந்தலைவிட வண்டிதான் முக்கியம்

எங்கள் ஊரில் முதல் தடவை இலவசப் பல் முகாம் வைத்தபோது பந்தல், மைக் செட், பொன்னாடை எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. நூறு பேருக்கு மேல் வாயைத் திறந்து காட்டி, ஆளுக்கொரு பேஸ்டும் சீட்டும் வாங்கிப் போனார்கள். ஆனால் அந்தச் சீட்டோடு சிகிச்சைக்காகப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனது நாலைந்து பேர்தான். எதிர்வீட்டு ஆயா அதை மடித்து ரேஷன் கார்டு கவரில் செருகிவிட்டு, பல்லிடுக்கில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு களையெடுக்கப் போய்விட்டார். பஸ் செலவு, ஒரு நாள் கூலி, வேறென்ன!

அதனால் ஆட்களைச் சிகிச்சைக்குக் கூட்டிப்போக வேனை முதலில் பேசுங்கள். அப்புறம் பக்கத்துப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். தயங்க வேண்டாம், படிப்பை முடிக்க மாணவர்களுக்கும் நோயாளிகள் வேண்டும். நாற்காலி வைத்த நடமாடும் வண்டி வருமா, அல்லது டார்ச்சும் கண்ணாடியும் மட்டுமா என்று கேளுங்கள். எதெல்லாம் இலவசம், வேர் சிகிச்சைக்கும் பல்லுக்கு மேல் மாட்டும் கேப்புக்கும் எவ்வளவு என்பதை எழுதியே வாங்கிவிடுங்கள். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கின்றன. வெறும் பல் பிடுங்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, பல தாலுகா ஜி.எச்.சிலேயே பல் டாக்டர் உண்டு.

முகாமை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள், ஆனால் சிகிச்சைக்கு வார நாளில்தான் போக வேண்டியிருக்கும், அதை அங்கேயே சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டில் பெயர், போன் நம்பர், சுகர், பி.பி., என்ன மாத்திரை, எத்தனை தடவை வர வேண்டும் என்று எழுதுங்கள். பல்செட் என்றால் அளவெடுக்க, கடி பார்க்க, போட்டுப் பார்க்க என்று நாலைந்து நடை ஆகும், எல்லோருக்கும் ஒரே நாள் கேளுங்கள். புகையிலை, ஹான்ஸ் போடுகிறவர்களில் இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறக்க முடியாத நிலை இருந்தால் தனிப் பக்கம். அவர்களை அந்த வாரமே கூட்டிப்போக வேண்டும்.

பல் பிடுங்க வெறும் வயிற்றோடு வந்து நிற்பார்கள். சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையையும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். இதயத்துக்கான மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது.

திரும்பும்போதுதான் வேடிக்கை, ஆளாளுக்கு ஜன்னலோரம் கேட்பார்கள், துப்புவதற்கு. துப்பினால் ரத்தம் நிற்காது, பல் பிடுங்கிய இடத்தில் வைத்த பஞ்சை அரை மணி நேரம் கடித்தபடி எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். எதிர்வீட்டு ஆயாவுக்கு மட்டும் மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.