பிரென்ட்ஃபோர்ட் மாதிரி ஒரு ஸ்ட்ரைக்கரைத் தேடுவது எப்படி: ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும்

2017-இல் இங்கிலாந்தின் நான்காம் நிலை லீகில் எக்ஸெட்டர் சிட்டிக்கு ஆடிக்கொண்டிருந்த 21 வயது ஆலி வாட்கின்ஸை, சுமார் 18 லட்சம் பவுண்டுக்கு லண்டன் கால்பந்து கிளப் பிரென்ட்ஃபோர்ட் வாங்கியது. 2019-இல் ஸ்ட்ரைக்கர் (கோல் அடிப்பதே முதல் வேலையான நடு முன்வரிசை ஆட்டக்காரர்) நீல் மோபே பிரைட்டன் கிளப்புக்குப் போனதும், விங்கில், அதாவது ஓரத்தில், ஆடிய வாட்கின்ஸையே நடுவில் நிறுத்தினார்கள். அந்த சீசனில் இரண்டாம் நிலை லீகான சாம்பியன்ஷிப்பில் 25 கோல். அடுத்த வருடம் ஆஸ்டன் வில்லா 2.8 கோடி பவுண்ட் கொடுத்து அவரைக் கூட்டிப்போனது. அவர் இடத்துக்கு மூன்றாம் நிலையான லீக் ஒன்னில் இருந்த பீட்டர்பரோவிலிருந்து ஐவன் டோனி வந்தார், 31 கோல் அடித்தார். 2021 மே மாதம் பிரென்ட்ஃபோர்ட் 74 வருடங்களுக்குப் பிறகு முதல் நிலை லீகுக்கு (இன்றைய பிரீமியர் லீக்) ஏறியது.

இதை அதிர்ஷ்டம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை நடந்தால் அப்படிச் சொல்லலாம். மோபே, வாட்கின்ஸ், டோனி, பிரயன் எம்பியூமோ என்று வரிசையாக நடந்தால் அதற்குப் பின்னால் ஒரு முறை இருக்கிறது. அந்த முறையின் எளிய வடிவத்தை நீங்களே வீட்டில் செய்துபார்க்கலாம். கோடிங் தெரிய வேண்டாம். நான் கூகுள் ஷீட்ஸில்தான் செய்கிறேன், எக்செல்லைவிட இதுதான் தோது. நண்பரோடு பகிர்ந்து ஒரே நேரத்தில் இருவரும் திருத்தலாம்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

"நல்ல ஸ்ட்ரைக்கர் வேண்டும்" என்று தேடினால் எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள்தான் வரும், அவர்கள் விலையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். சின்ன கிளப் தேடுவது, ஆட்டத்தைவிட விலை குறைவாக இருக்கும் ஆளை. அதனால் ஒரு லீக், ஒரு இடம், 18 முதல் 24 வயது என்று கட்டம் போடுங்கள். பிரெஞ்சு இரண்டாம் நிலை லீகில் ஆரம்பிக்கச் சொல்வேன். எம்பியூமோவை 2019-இல் பிரென்ட்ஃபோர்ட் த்ருவா கிளப்பிலிருந்து எடுத்தது அங்கேதான்.

படி 2: பட்டியல்

பெயர், வயது, ஆடிய நிமிடம், கோல், பெனால்டி கோல், ஒப்பந்தம் முடியும் தேதி. ஷீட்டில் ஆறு பத்திகள் (column) போதும். கால்பந்து வீரர்களின் விவரங்களைத் தொகுக்கும் டிரான்ஸ்ஃபர்மார்க்ட் தளத்தில் எல்லாம் கிடைக்கும். அங்கே போட்டிருக்கும் சந்தை மதிப்பை மட்டும் எடுக்காதீர்கள். அது அந்தத் தளத்தின் மதிப்பீடு, கிளப் கேட்கும் விலை அல்ல. அதைப் பக்கத்தில் வைத்தால் உங்கள் தீர்ப்பும் அதன் பின்னாலேயே போய்விடும்.

படி 3: 90 நிமிடத்துக்கு எத்தனை (நிதானமாகப் படியுங்கள்)

பாதிப் பேர் கைவிடுவது இங்கேதான். மொத்த கோலை வைத்து வரிசைப்படுத்தாதீர்கள். கோலிலிருந்து பெனால்டியைக் கழித்து, நிமிடத்தால் வகுத்து, 90ஆல் பெருக்குங்கள்.

கற்பனையாக இரண்டு பேர். முதலாமவர் 14 கோல், அதில் 5 பெனால்டி, 2,430 நிமிடம். கணக்குப் போட்டால் 0.33. இரண்டாமவர் 9 கோல், பெனால்டி இல்லை, 1,620 நிமிடம். கணக்கு 0.50. செய்தித்தாளில் முதலாமவர் பெயர்தான் வரும். விலை ஏறுவதும் அவருக்குத்தான். நமக்கு வேண்டியவர் இரண்டாமவர்.

பெனால்டியை ஏன் கழிக்கிறோம்? நான்கில் மூன்றுக்கு மேல் உள்ளே போகும் உதை அது. யாரை அடிக்கச் சொல்வது என்பது பயிற்சியாளர் முடிவு. நாளைக்கு உங்கள் அணியில் வேறொருவர் அடிப்பார்.

900 நிமிடத்துக்குக் குறைவாக ஆடியவர்களை வடிகட்டி எடுத்துவிடுங்கள். 200 நிமிடத்தில் 3 கோல் அடித்தவர் 1.35 என்று பட்டியலின் உச்சியில் உட்கார்ந்திருப்பார், அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு சிக்கல்: தளத்திலிருந்து நிமிடத்தை அப்படியே ஒட்டினால் 2.430' என்று புள்ளியும் பக்கத்தில் ஒரு மேற்கோள் குறியும் வரும். ஜெர்மன் முறையில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி வைப்பார்கள். ஷீட் அதை எழுத்தாக எடுத்துக்கொண்டு பிழை காட்டும். குறியை மட்டும் நீக்கினால் இன்னும் மோசம், இரண்டரை நிமிடம்கூட ஆடாதவர் என்று கணக்குப் போட்டு 300, 400 என்று விடை தரும். 'கண்டுபிடித்து மாற்று' வசதியில், மாற்றும் கட்டத்தைக் காலியாக விட்டு, முதலில் புள்ளியை, பிறகு மேற்கோள் குறியை நீக்குங்கள். இதை நிமிடப் பத்தியில் மட்டும் செய்யுங்கள். முழு ஷீட்டிலும் செய்தால் தேதிகள் சிதையும்.

படி 4: எக்ஸ்ஜி

ஒரு வாய்ப்பு கோலாக எவ்வளவு சாத்தியம் என்று ஒவ்வொரு உதைக்கும் மதிப்பிட்டுக் கூட்டுவதுதான் எக்ஸ்ஜி (xG, expected goals). ஃபாட்மாப் செயலியில் பல லீகுகளுக்குக் கிடைக்கிறது. ஐரோப்பாவின் பெரிய ஐந்து லீகுகளுக்கு அண்டர்ஸ்டாட் தளம் போதும். கோல் அதிகம், எக்ஸ்ஜி குறைவு என்றால் அடுத்த வருடம் கோல் இறங்க வாய்ப்பு அதிகம். அந்த ஆளை விற்கலாம், வாங்கக்கூடாது. கோல் குறைவு, எக்ஸ்ஜி அதிகம் என்றால் நின்று பாருங்கள். சரியான இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிற ஆள் அவர், விலை இன்னும் ஏறவில்லை.

பிரென்ட்ஃபோர்ட், ஆட்டக்காரர்களை மட்டும் இப்படி எடைபோடவில்லை, பயிற்சியாளரையும்தான். 2018 அக்டோபரில் தாமஸ் ஃபிராங்க் தலைமைப் பயிற்சியாளரானார். முதல் பத்து ஆட்டத்தில் எட்டு தோல்வி. வேறு கிளப்பாக இருந்தால் பெட்டியைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். பிரென்ட்ஃபோர்டின் உரிமையாளர் மேத்யூ பெனம் பந்தயத் துறையில் புள்ளிவிவரத் தொழில் நடத்துகிறவர், ஸ்கோரையும் ஆட்டத்தின் தரத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகியவர். ஃபிராங்கை வைத்துக்கொண்டார்கள். அணியை பிரீமியர் லீகுக்கு ஏற்றியவர் அவர்தான். இந்தப் பொறுமையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். நல்ல ஆளைக் கண்டுபிடிப்பதைவிட இது கடினம்.

படி 5: லீக் வித்தியாசம்

பிரெஞ்சு இரண்டாம் நிலையில் 0.50 என்றால் சாம்பியன்ஷிப்பில் எவ்வளவு? இணையத்தில் லீகுக்கு லீக் ஒரு பெருக்கல் எண் கொடுப்பார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அதே பாதையில் முன்பு போன பத்துப் பேரை எடுங்கள். போவதற்கு முந்தைய சீசனும் போன பிறகு முதல் சீசனும் பக்கத்தில் பக்கத்தில். எத்தனை பேருக்கு இறங்கியது, எவ்வளவு இறங்கியது என்று நீங்களே பாருங்கள். லீக் ஒன்னில் 24 கோல் அடித்துவிட்டு, மேலே ஏறியதும் 31 அடித்த டோனி விதிவிலக்கு. அவரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

படி 6: ஒப்பந்தமும் வீடியோவும்

ஒப்பந்தத்தில் ஒன்றரை வருடத்துக்குக் குறைவாக மிச்சம் இருப்பவர்களை மேலே கொண்டுவாருங்கள், அவர்கள் கிளப்புக்குப் பேரம் பேசும் பலம் குறைவு. கடைசியில் ஐந்தாறு பேர் நிற்பார்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று முழு ஆட்டம் பாருங்கள், அதில் ஒன்றாவது அணி தோற்ற ஆட்டமாக இருக்கட்டும். தொகுப்பு வீடியோ வேண்டாம், அதில் எல்லாருமே நன்றாக ஆடுவார்கள்.

படி 7: "யாருக்குப் பதில்"

ஷீட்டில் இந்தப் பெயரில் ஒரு பத்தியை பிரைட்டனைப் பார்த்துச் சேர்த்தேன். 2022 கோடையில் அவர்களின் நடுக்கள வீரர் ஈவ் பிசூமா டாட்டன்ஹாமுக்குப் போனபோது, அதே இடத்தில் ஆடும் மொய்செஸ் கைசெடோ ஏற்கெனவே உள்ளே இருந்தார். 2021-இல் எக்வடாரின் இண்டிபென்டியன்ட் டெல் வாயே கிளப்பிலிருந்து வாங்கி, பெல்ஜியத்தில் ஒரு கிளப்புக்குத் தற்காலிகமாகக் கடனாக அனுப்பித் தயார் செய்திருந்தார்கள். 2023 ஆகஸ்டில் செல்சி கைசெடோவை 10 கோடி பவுண்டுக்கு வாங்கியது, மேலே 1.5 கோடி வரை போகலாம் என்ற ஒப்பந்தம். அதே மாதம் பிரான்சின் லில் கிளப்பிலிருந்து இன்னொரு நடுக்கள வீரர் கார்லோஸ் பலெபா வந்தார். விற்ற பிறகு தேட ஆரம்பித்தால் எதிர்த்தரப்புக்கு உங்கள் கையில் பணம் இருப்பதும் தெரியும், அவசரமும் தெரியும். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எந்த ஆள் போனால் இவர் வருவார் என்று எழுதிவையுங்கள்.

பின்சேர்க்கை: ஒரே ஆள் இரண்டு வரியில் வருகிறாரே என்று சிலர் கேட்டிருந்தார்கள். சீசன் நடுவே ஜனவரியில் கிளப் மாறியவர்கள் அவர்கள். இரண்டு வரியையும் கூட்டுங்கள், 90 நிமிடக் கணக்கைத் தனித்தனியாகப் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள். லீகும் மாறியிருந்தால் கூட்டவே வேண்டாம். 900 நிமிடத்தைத் தாண்டிய வரியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.