பிள்ளைகளோடு சேர்ந்து கடல் தாண்டி உதவுவது எப்படி? மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு செய்முறை

முதலில் நாங்கள் சொதப்பியதைச் சொல்லிவிடுகிறேன். போன ஆண்டு பள்ளி விடுமுறையில், இலங்கையில் கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு அனுப்பலாம் என்று ஒரு பெரிய பெட்டியை எடுத்தோம். அலமாரியில் கிடந்த பழைய சட்டை, அளவு பத்தாத சப்பாத்து, வார் அறுந்த பள்ளிப்பை எல்லாம் அதற்குள் போனது. அஞ்சலகத்தில் எடை போட்டுச் சொன்ன தொகையைக் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டோம். உள்ளே இருந்த சாமான்களின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகம். வரும் வழியில் எட்டு வயது மகள் கேட்டாள்: "அம்மா, நமக்கு வேண்டாததைத்தானே அவங்களுக்குக் கொடுக்கப் பார்த்தோம்?" காரில் யாரும் பேசவில்லை.

அப்புறம் வேறு விதமாகச் செய்தோம், சரியாக வந்தது. ஐந்து முதல் பத்து வயதுவரை பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மூன்று மாத அவகாசம் இருந்தால் போதும்.

படி 1: ஒரே ஓர் இடத்தைப் பிடியுங்கள்

"வெளிநாட்டில் ஏழைகள்" என்றால் சின்னப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. ஒரு பள்ளி, ஒரு வகுப்பு என்று சுருக்கினால் புரியும். நாங்கள் பிடித்தது இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளி.

ஏன் அது? கதை வீட்டிலேயே இருந்தது. நம் முன்னோரைத் தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணி மலாயாவுக்குக் கப்பலேற்றியது போலவே, தமிழ்நாட்டிலிருந்து இன்னொரு கூட்டத்தை வேறு கங்காணிகள் இலங்கைக்குக் கூட்டிப் போனார்கள். இங்கே கித்தா, அதாவது ரப்பர். அங்கே முதலில் காப்பி, பிறகு தேயிலை. மாமியார் இங்கே தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள், பொதுக் குழாயில் தண்ணீர் என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வாயைத் திறந்து கேட்டார்கள். "அங்கே இன்னும் நிறையப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்" என்று ஒரு வரி சேர்த்தேன். அது போதுமாக இருந்தது.

குளிரைப் புரியவைக்கக் கேமரன் மலை உதவியது. அங்கே தேயிலைத் தோட்டத்தில் நின்று நடுங்கியது பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறது. மலையகத்து நுவரெலியா அதையும்விட உயரம், 1,868 மீட்டர். "அங்க தினமும் ஸ்வெட்டரா?" என்றான் ஐந்து வயதுக்காரன்.

பெரியவளுக்குச் சம்பளக் கணக்கும் சொன்னேன். 2024-ல் தோட்டத் தொழிலாளியின் நாள் சம்பளத்தை 1,350 இலங்கை ரூபாய் ஆக்கினார்கள். அப்போதைய மாற்று விலையில் நம் பணத்துக்குச் சுமார் 19 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு எத்தனை நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) வாங்கலாம் என்று அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். ஆனால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இருட்டான படங்களையும் அழும் குழந்தைகளின் காணொளியையும் காட்டிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். இரவில் தூங்காமல் படுத்தும். அதற்கு மேல், பரிதாபப்படும் பழக்கம்தான் ஒட்டிக்கொள்ளும்.

படி 2: அந்தப் பக்கம் நம்பகமான ஓர் ஆள்

இது பெரியவர்கள் வேலை. எங்களுக்குத் தெரிந்த ஓர் ஆசிரியரின் உறவினர் வழியாக அந்தப் பள்ளியின் அதிபரைப் பிடித்தோம். நாம் தலைமையாசிரியர் என்போம், அங்கே அதிபர். அழைக்கும்போது நேரத்தைப் பாருங்கள்: இலங்கை நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், நம் இரவு 8 மணி அவர்களுக்கு மாலை 5.30.

இப்படி ஆள் கிடைக்காவிட்டால், 1999 முதல் வெளிநாடுகளிலும் உதவிப் பணி செய்துவரும் மெர்சி மலேசியா போன்ற அமைப்புகளுக்குப் பணமாகக் கொடுங்கள். முகநூலில் திடீரென்று முளைக்கும் வங்கிக் கணக்கு எண்ணுக்கு மட்டும் வேண்டாம். வருமான வரிக் கழிவு வேண்டுமானால் 44(6) உட்பிரிவின் கீழ் ஒப்புதல் பெற்ற அமைப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக இலங்கைக்கு அனுப்பும் பணத்துக்கு அந்தக் கழிவு கிடையாது.

படி 3: என்ன வேண்டும் என்று கேளுங்கள்

பொம்மையும் சாக்லெட்டும் கேட்பார்கள் என்று பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். அதிபர் சொன்னது "கொப்பியும் குடையும்". கொப்பி என்றால் என்ன என்று ஒரு நாள் முழுக்க விவாதம். பயிற்சிப் புத்தகத்துக்கு இலங்கைத் தமிழில் அதுதான் பெயர். ரப்பர் என்று நாம் சொல்லும் அழிப்பான் அங்கே அழிறப்பர். பிள்ளைகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். இலங்கையில் பாடநூலையும் சீருடைத் துணியையும் அரசு இலவசமாகத் தருகிறது, கொப்பியை வீட்டில் வாங்க வேண்டும். 2022-ன் பொருளாதார நெருக்கடியில் அதன் விலை கண்டபடி ஏறியது.

குடை ஏன் என்று கேட்டதற்கு அதிபர், "மழை பெய்தால் தூரத்து டிவிஷன் பிள்ளைகள் வருவதில்லை" என்றார். டிவிஷன் என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு. அந்த ஒரு பதிலுக்காகவே கேட்டது நல்லதாயிற்று. நாங்களாக யோசித்திருந்தால் குடை என்பது நூறாண்டானாலும் வந்திருக்காது.

படி 4: காசு பிள்ளையின் கையிலிருந்து வரட்டும்

காலி மைலோ டின் ஒன்று. மூடியில் அப்பா ஓட்டை போட்டார். சின்னவன் சுற்றிலும் தாள் ஒட்டிக் குடை வரைந்தான்.

பெற்றோர் பத்து வெள்ளி கொடுத்து "இதைப் போடு" என்றால் அது பெற்றோரின் தர்மம், பிள்ளை வெறும் தபால்காரர். எங்கள் ஏற்பாடு இது: வெள்ளிக்கிழமைகளில் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஆளுக்கு ஒரு தின்பண்டம் வாங்கித் தருவது வழக்கம். மாதத்தில் ஒரு வாரம் அதை விட்டுவிட்டு அந்தக் காசை டின்னில் போட வேண்டும். எந்த வாரம் என்பதைப் பிள்ளைதான் முடிவு செய்யும். சின்னவன் முதல் மாதம் நான்காவது வாரம்வரை தள்ளிக்கொண்டே போனான். கடைசியில் அப்பம் பாலேக் கடை முன்னால் நின்று அழுதான். நான் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அவனே போட்டான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அதுவும் சரிதான். சிரித்துக்கொண்டே கொடுக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

இதோடு அலுமினிய டப்பாவும் பழைய தமிழ்ப் பத்திரிகையும் சேர்த்துப் பழைய சாமான் கடையில் போட்டோம். மாமியாருக்கு இது பிடித்துப்போனது. சின்ன வயதில் அவர், மரத்துப் பாலைப் பிடிக்கும் மங்கு என்ற கிண்ணத்தின் அடியில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிடுங்கிச் சேர்த்தவர். எங்கள் ஊர்க்காரரும் அப்போதைய அமைச்சருமான துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத்து மக்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கியதையும், அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கியதையும் மாமியார்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். அன்றிலிருந்து டின்னுக்கு "சங்கம்" என்று பெயர்.

ஒரு எச்சரிக்கை. ஆர்வக்கோளாறில் பிள்ளைகளை டின்னோடு வீடு வீடாக அனுப்பிவிடாதீர்கள். பொது இடத்திலும் வீட்டு வாசலிலும் பணம் வசூலிக்க, 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காவல்துறையின் உரிமம் வேண்டும். வீட்டுக்குள், சொந்தபந்தத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: எண்ணுவது, அனுப்புவது

டின்னைத் திறக்கும் நாளை ஒரு விழாவாக்குங்கள். பாயை விரித்துக் கொட்டி, ஐந்து இருபது சென் ஒரு வெள்ளி, இரண்டு ஐம்பது சென் ஒரு வெள்ளி என்று அடுக்கவிட்டால், ஒரு மாதக் கணிதப் பாடம் ஒரே மாலையில் முடிந்துவிடும். எங்களுக்கு 143 வெள்ளி 60 சென் தேறியது. பெரியவர்கள் மிச்சத்தைப் போட்டு 300 ஆக்கினோம்.

மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் பெற்ற பணமாற்றுக் கடை வழியாக அனுப்பினோம். ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பார்கள் என்பதால் சிறுகச் சிறுக அனுப்பாமல் மொத்தமாக அனுப்புங்கள். பெரியவளையும் கூட்டிப் போனேன். பலகையில் மாற்று விலையைப் பார்த்து, "நம்ம காசு அங்க போனா இவ்ளோ பெரிசாயிடுதா?" என்றாள்.

அந்தப் பணத்தில் 18 பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஐந்து கொப்பி வந்தது, மிச்சத்தில் நான்கு குடை. நான்கு குடையை யாருக்குக் கொடுப்பது? அதிபர் பள்ளியிலேயே வைத்துக்கொண்டார். மழை நாளில் தூரம் போகும் பிள்ளை எடுத்துப் போய் மறுநாள் திருப்பித் தரும். எங்களுக்குக் கடைச் சீட்டின் படமும் கொப்பிக் கட்டின் படமும் வந்தன. பொருளைக் கையில் பிடித்தபடி நிற்கும் பிள்ளைகளின் படத்தைக் கேட்காதீர்கள். நம் பிள்ளையை யாராவது அப்படி வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தால் நாம் சும்மா இருப்போமா?

படி 6: கடிதம்

பணம் பெரியவர்கள் வழியாகப் போய்விடும். பிள்ளையின் கை தொட்டது ஒன்றாவது போக வேண்டும், அதற்குத்தான் கடிதம்.

மகளின் முதல் வரி: "நீங்கள் ஏழையாக இருப்பதற்கு நான் மிகவும் வருந்துகிறேன்." பாட்டி கண்ணாடியைப் போட்டுப் படித்துவிட்டு, "நம்ம வீட்டுக்கு ஒருத்தர் இப்படி எழுதினா உனக்கு எப்படி இருக்கும்?" என்று மட்டும் கேட்டார். தாள் கிழிந்தது. இரண்டாவது கடிதத்தில் பக்கத்து வீட்டுச் சேவல், தைப்பூசத்தில் காவடி பார்த்தது, கன்டீனில் பிடித்த பலகாரம் எல்லாம் வந்தன. கடைசியில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கட்டும், இல்லையென்றால் பதில் எழுத வழியிருக்காது. அவள் கேட்டது: "உங்கள் பள்ளியில் நாய் வருமா?"

எழுதத் தெரியாத பிள்ளை வரையட்டும். முழுப் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எதுவும் கடிதத்தில் வேண்டாம். பள்ளி முகவரிக்கே அனுப்புங்கள்.

படி 7: பொட்டலம்

இரண்டு கிலோவுக்குள் இருந்தால் சிறு பொட்டலமாக அனுப்பலாம். கடிதம், படம், கொஞ்சம் பென்சில், அவ்வளவுதான். சிஎன்22 என்ற சுங்கப் படிவத்தில் உள்ளே என்ன, எத்தனை, என்ன விலை என்று உள்ளதை உள்ளபடி எழுதி, அன்பளிப்பு என்ற கட்டத்தில் குறியிடுங்கள். பேட்டரி போட்ட பொம்மையும் காசும் வைக்கக் கூடாது. மகள் ஒளித்து வைத்திருந்த ஐம்பது சென் நாணயத்தைக் கடைசி நிமிடத்தில் கண்டுபிடித்தேன்.

சின்னவன் கித்தாக் கொட்டை வைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பாட்டியோடு பழைய தோட்டத்துப் பக்கம் போய்ப் பொறுக்கியது, சட்டைப்பை நிறைய. விதையெல்லாம் அனுமதியில்லாமல் நாடு தாண்டக் கூடாது என்று விளக்கிப் பார்த்தேன், எடுபடவில்லை. கடைசியில் கொட்டையைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, பழுப்பு வண்ணம் தீட்டி, பக்கத்தில் ஒரு மரமும் மரத்தில் மங்கும் போட்டான். அதுதான் போனது.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. நாய் வரும், பெயர் மணி. அப்புறம் சின்னவனின் படத்தைப் பார்த்து ஒரு பிள்ளை எழுதியிருந்தது: "உங்கள் மரத்திலிருந்து பால் வருமாமே, அதைக் குடிக்கலாமா?"

சின்னவன் இப்போது பாட்டி மடியில் உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான், அக்காள் எழுதிக்கொண்டிருக்கிறாள். "குடிக்கக் கூடாது" என்பதற்கு மூன்று ஆச்சரியக்குறி போட வேண்டுமாம்.