49 ரூபாய்க்குள் நல்ல மின்னூல்: தேடுவதும் பகிர்வதும்

போன வருடம் 49 ரூபாய்க்கு ஒரு மின்னூல் வாங்கினேன். கல்கியின் பொன்னியின் செல்வன், முதல் பாகம். அட்டை பளபளவென்று இருந்தது. உள்ளே போனால் மூன்றாவது பக்கத்திலேயே ‘காலை’ என்பது ‘கரலை’ ஆகியிருந்தது, ‘வானம்’ ‘வரனம்’ ஆகியிருந்தது. யாரோ பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, மென்பொருள் படித்துக் கொடுத்ததை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்காமல் அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். துணைக்கால் குறியை (‘ா’) ‘ர’ என்று படித்துவிடுவது அந்த மென்பொருள்களுக்கு வழக்கமான கோளாறு. இதில் எனக்கு ரொம்ப எரிச்சல் என்னவென்றால், அதே நாவல் மதுரைத் திட்டம் என்ற இலவசத் தமிழ் மின்னூல் தளத்தில் தட்டச்சு செய்த வடிவில் இலவசமாகவே கிடைக்கிறது. 49 ரூபாய் போனதுகூடப் பரவாயில்லை, தேடாமல் வாங்கினேனே என்றுதான் இருந்தது.

அதனால் இப்போது வரிசை மாற்றிவிட்டேன். முதலில் இலவசம், பிறகு மலிவு, கடைசியில்தான் முழு விலை. புதிதாக ஆரம்பிக்கிறவர்களும் இதே வரிசையில் போகலாம்.

படி 1: போனில் ஒரு செயலி

அமேசானின் மின்னூல் படிக்கும் கருவியான கிண்டிலைத் தனியாக வாங்க வேண்டாம், குறைந்தது பத்துப் புத்தகம் போனில் படித்து முடிக்கும் வரைக்கும். கிண்டில் செயலி இலவசம். வெளியிலிருந்து இறக்கும் கோப்புகளைப் படிக்க ஆண்ட்ராய்டில் ரீட்எரா வைத்திருக்கிறேன், விளம்பரத் தொல்லை இல்லை.

கோப்பு இறக்கும்போது ஈபப், பிடிஎஃப் இரண்டும் இருந்தால் ஈபப்பை எடுங்கள். பிடிஎஃப் என்பது அச்சடித்த பக்கம் மாதிரி, எழுத்தைப் பெரிதாக்கினால் வரியின் பாதி திரைக்கு வெளியே ஓடிவிடும். ஈபப்பில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி தானே மடங்கிக்கொள்ளும். கண் மங்கிய வீட்டுப் பெரியவர்களுக்கு இது ஒன்றே போதும், என் சித்தி கண்ணாடியைத் தேடாமல் படிக்க ஆரம்பித்தது இதனால்தான்.

படி 2: காசே கொடுக்க வேண்டாத இடங்கள்

இந்தியாவில் ஓர் எழுத்தாளர் மறைந்த வருடம் முடிந்ததிலிருந்து 60 வருடங்களுக்குக் காப்புரிமை. கல்கி 1954-ல் மறைந்தார், கணக்குப்படி 2015 பிறந்தபோது அவர் எழுத்து பொதுச்சொத்து. தமிழ்நாட்டில் இன்னொரு வழியும் உண்டு. அரசே குடும்பத்துக்கு ஒரு தொகை கொடுத்து எழுத்தை நாட்டுடைமை ஆக்கிவிடும், அதன்பிறகு யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். 1949-ல் பாரதியில் தொடங்கிய வழக்கம் இது. கல்கி (அந்த 60 வருடம் முடிவதற்கு முன்பே), புதுமைப்பித்தன் எல்லாம் அப்படி வந்தவர்கள்தான். ஒரு எச்சரிக்கை: மூலம் இலவசம் என்பதற்காகச் சமீபத்தில் ஒருவர் எழுதிய உரையோ முன்னுரையோ மொழிபெயர்ப்போ இலவசம் ஆகிவிடாது, அவற்றுக்குத் தனி உரிமை உண்டு.

எங்கே தேடுவது? மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது, சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து போட்டிருக்கிறார்கள். தமிழ் விக்கிமூலத்தில் ஒரு நூலின் பக்கத்திலிருந்து நேராக ஈபப்பாகவே இறக்கலாம், ஆனால் மெய்ப்பு பார்க்காத பக்கங்களும் அங்கே நிறைய, மேலே சொன்ன ‘கரலை’ அங்கேயும் வரும். இலங்கை எழுத்து, பழைய சிற்றிதழ், யாழ்ப்பாணத்துப் பதிப்பு வேண்டுமென்றால் ‘நூலகம்’ என்ற இணையத்தளம்தான், 2005-லிருந்து சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பெரும்பாலும் ஸ்கேன் பிடிஎஃப், போனில் கஷ்டம், கணினியில் பாருங்கள். இப்போது எழுதுகிறவர்கள் விருப்பப்பட்டு இலவசமாகக் கொடுக்கும் நூல்களுக்கு ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் இருக்கிறது. தரம் ஒரே சீராக இருக்காது, பொறுக்கத்தான் வேண்டும்.

படி 3: கடையில் விலை இறங்கும் நேரம்

இங்கேதான் புதியவர்கள் மாட்டுகிறார்கள். அமேசானில் ஒரு புத்தகத்தின் பக்கத்தில் ₹0.00 என்று பெரிதாக இருக்கும், கீழே பொடி எழுத்தில் வேறு விலை இருக்கும். அந்தச் சுழி கிண்டில் அன்லிமிடெட் சந்தாதாரருக்கு மட்டும். அதை அழுத்தினால் மாதச் சந்தாவில் சேர்த்துவிடும் பக்கத்துக்குப் போவீர்கள். அங்கே புத்தகம் உங்களுக்குச் சொந்தமாகாது, இரவல்தான், சந்தாவை நிறுத்தினால் போய்விடும். உண்மையிலேயே இலவசம் என்றால் வாங்கும் பொத்தானுக்குப் பக்கத்தில், அதாவது கிண்டில் விலை என்ற இடத்தில், சுழி இருக்கும். ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

அந்த இலவசம் எப்படி வருகிறது? கிண்டிலில் தாங்களே வெளியிடும் எழுத்தாளர்கள் தங்கள் மின்னூலை வேறெங்கும் விற்பதில்லை என்று ஒப்புக்கொண்டால், ஒவ்வொரு 90 நாளிலும் 5 நாள் இலவசமாகக் கொடுக்க அமேசான் விடுகிறது. ‘இன்றும் நாளையும் இலவசம்’ என்று ஃபேஸ்புக்கில் பார்க்கிறீர்களே, அது இதுதான். ஆனால் அந்த நாள் அமெரிக்க மேற்குக் கரையின் நள்ளிரவில் தொடங்குகிறது. நம் கணக்கில் கோடையில் மதியம் சுமார் 12.30, குளிர்காலத்தில் 1.30. காலை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்து, 99 ரூபாய் காட்டுகிறதே, பொய் சொல்கிறார் என்று எழுத்தாளரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும் (ஒரு தடவை நானும்). சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள்.

பிடித்த ஐந்தாறு எழுத்தாளர்களைச் சமூக ஊடகத்தில் பின்தொடர்ந்தாலே இந்தச் செய்திகள் வந்துவிடும். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி, இந்த இரண்டு சமயத்திலும் கொஞ்சம் கூடுதலாகக் கண் வைத்திருங்கள். வாங்க நினைப்பதை விருப்பப் பட்டியலில் போட்டு வைத்து மாதம் ஒரு தடவை எட்டிப் பார்ப்பதும் நல்லது. கூகுள் பிளே புக்ஸிலும் அதே தலைப்பைத் தேடுங்கள், சில சமயம் இரண்டு கடைக்கும் விலை வேறாக இருக்கும்.

படி 4: மாதிரிப் பக்கங்களைச் சோதியுங்கள்

மலிவு என்பதற்காக வாங்காதீர்கள். என் கிண்டிலில் அப்படிச் சேர்த்துத் திறக்காமலே கிடப்பவை எத்தனை என்று எண்ணவே பயமாக இருக்கிறது.

இலவச மாதிரி என்று ஒன்று தருவார்கள், பெரும்பாலும் நூலின் முதல் பத்து சதவீதம். முன்னுரையைத் தாண்டி மாதிரியின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். முதல் அத்தியாயத்தை எல்லோரும் பளபளப்பாக எழுதிவிடுவார்கள், நடை நிற்கிறதா என்பது இருபது பக்கம் தாண்டினால்தான் தெரியும். ‘ா’ எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா, பத்தி நடுவில் வரி உடைகிறதா, பொருளடக்கத்தைத் தொட்டால் அத்தியாயத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். மொத்தம் ஐந்து நிமிஷம். விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தை விடுங்கள், மூன்று நட்சத்திரம் கொடுத்தவர் என்ன சொல்கிறார் என்று படியுங்கள், அவர்தான் புத்தகத்தைப் படித்திருப்பார்.

படி 5: பகிர்வது

பொதுச்சொத்தும் நாட்டுடைமையும் என்றால் கோப்பையே அனுப்பலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் (பகிரலாம் என்று எழுத்தாளரே முன்கூட்டிக் கொடுக்கும் அனுமதி) வந்ததையும் அனுப்பலாம், எழுத்தாளர் பெயரோடு, விற்காமல். காசு கொடுத்து வாங்கியதை அனுப்பக் கூடாது, சுட்டியை மட்டும் அனுப்புங்கள். டெலிகிராம் குழுக்களில் நேற்று வெளியான நாவலின் பிடிஎஃப் சுற்றும். தமிழில் ஒரு பதிப்பு சில நூறு பிரதி விற்றாலே கொண்டாட்டம், அதையும் கெடுக்க வேண்டுமா?

வெறும் சுட்டியை யாரும் திறப்பதில்லை. நான் குடும்பக் குழுவில் போட்டது இது:

‘சித்தி, புதுமைப்பித்தன் சிறுகதைகள், இலவசம். முதலில் சின்னக் கதையாக ஒன்று எடுங்கள், அரை மணி நேரம் போதும். சிரிப்பு வரும், அப்புறம் கொஞ்சம் வலிக்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம்.’

யாருக்கு, எவ்வளவு நேரமாகும், எங்கே ஆரம்பிப்பது, காசா இலவசமா. இவ்வளவு இருந்தால் திறந்து பார்ப்பார்கள். சலுகை என்றால் எந்தத் தேதி வரைக்கும் என்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து ஒருவர் 150 ரூபாய் காட்டுகிறதே என்று கேட்பார்.

வாட்ஸாப்பில் ஈபப் அனுப்பும்போது ‘டாக்குமெண்ட்’ வழியாக அனுப்ப வேண்டும். எதிர்முனையில் படிக்கும் செயலி இல்லாவிட்டால் கோப்பைத் திறக்க முடியவில்லை என்று வரும், உடனே உங்களுக்குத்தான் போன் வரும். அதனால் கோப்பை அனுப்புவதற்கு முன்னால் படி 1-ஐ அனுப்பிவிடுங்கள்.