நெஞ்சில் வாய் பிளந்த வெள்ளைச் சட்டை

ஒஃபிசுக்கு ஒரு வெள்ளைச் சட்டை. அதற்காக மூன்று சனிக்கிழமை போயிற்று. எம் சைஸ் போட்டால் நெஞ்சுக்கு நேரே இரண்டு பட்டனுக்கு நடுவில் வாய் பிளக்கும். எல் போட்டால் தோள் தையல் கையில் இறங்கி நிற்கும். உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்பும் நாட்டில் இந்தக் கோலம்!

கொழும்பு காலி வீதிக் கடைகளில் ஏறி இறங்கினேன். எம் சைஸை வாங்கிப் பக்கத் தையலை விடச் சொன்னால், உள்ளே கால் அங்குலத் துணிகூட இல்லை. எல் சைஸை வாங்கிப் பக்கத்தைப் பிடித்தேன். திரும்பவும் நெஞ்சில் பிளவு. காசு தண்டம்.

வெள்ளவத்தையில் தைக்கும் அக்காதான் பிழையைக் கண்டுபிடித்தார். "பக்கத்தில கை வைக்காதீங்கோ. நெஞ்சளவுக்கு வாங்குங்கோ, தோளைக் குறைப்பம்." இன்னொரு எல் சட்டையில் கைகளைக் கழற்றி, தோளில் இரு பக்கமும் அரை அங்குலம் வெட்டி, திரும்பப் பொருத்தினார். இடுப்புத் தொளதொளப்புக்கு முதுகில் இரண்டு டாட், அதாவது துணியை உள்ளே மடித்துப் பிடிக்கும் தையல்.

இன்னும் லேசான பிளவு இருந்தது. பார்த்தால், நெஞ்சின் எடுப்பான இடத்தில் பட்டனே இல்லை. ஒன்று மேலே, மற்றது கீழே. அந்த இடைவெளியில் உள்பக்கமாக ஒரு சின்ன அமுக்குப் பட்டன் வைத்தோம். புறக்கோட்டையில் அட்டையோடு விற்பார்களே, அதுதான்.

இப்போது கடையில் முதலில் கையைத் தூக்கி, உட்கார்ந்து பார்க்கிறேன். பிறகு சட்டையை உள்பக்கம் புரட்டித் தையல் துணி எவ்வளவு என்று பார்ப்பேன். விற்கிற பிள்ளைகள் ஒருமாதிரித்தான் பார்ப்பார்கள்.